டீக்கடையில் தொங்கிய நீலப் பலகை

இங்கு அரசியல் பேசாதீர். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள டீக்கடைகளுக்கும் சலூன்களுக்கும் நான் அதிகமாக எழுதிக்கொடுத்த வாசகம் இதுதான். கடைப் பெயரைக்கூட எழுதி மாட்டாமல் விட்டவர்கள் உண்டு. இதை விட்டவர்கள் குறைவு. ஒன்றரை அடிக்கு ஒரு அடி தகரம், இரண்டு கை வெள்ளை எனாமல், சாக்பீஸ் தடவிய நூலைத் தெறித்துப் பிடித்த வரி, அதன்மேல் நீல எழுத்து.

நீலத்துக்குக் காரணம் இருந்தது. சிவப்பில் எழுதினால் செங்கொடிக்காரர் கடை என்று பேராகிவிடும். கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் தி.மு.க. அந்த இரண்டுக்கும் நடுவே வெள்ளை வந்தால், 1972க்குப் பிறகு, அ.தி.மு.க. பேகம்பூர்ப் பக்கம் பச்சை என்றால் முஸ்லிம் லீக். காவி, வெள்ளை, பச்சை மூன்றும் ஒன்றாகத் தெரிந்தால் காங்கிரஸ். அதிலும் எந்தக் காங்கிரஸ் என்று அடுத்த கேள்வி வரும். "தம்பி, எந்தக் கொடியிலயும் இல்லாத கலரா பாத்து எழுதிக் குடுப்பா" என்பார்கள் கடைக்காரர்கள். எங்கள் வட்டாரத்தில் அன்று மிஞ்சியிருந்த நிறம் நீலம்.

இந்தப் பலகையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைப் பயந்த வியாபாரியின் எச்சரிக்கை என்கிறார்கள். வேறு சிலர், அரசியல் என்றாலே அழுக்கு என்று முகம் சுளிக்கும் மனத்தின் அடையாளம் என்கிறார்கள். நான் தொழில் செய்த காலத்தில் பாதியைக் கட்சிச் சுவர்களிலும் பாதியைக் கடைத் தகரங்களிலும் கழித்தவன். இரண்டு விளக்கமும் எனக்கு ஒப்பவில்லை. அரசியலில் கழுத்துவரை மூழ்கிக் கிடந்த ஊர்தான் இந்தப் பலகையைக் கேட்டு வாங்கியது. நாளெல்லாம் கட்சி பேசியவர்களுக்கு ஒரு கிளாஸ் டீ குடிக்கிற நேரத்துக்காவது இளைப்பாறல் தேவைப்பட்டது. அந்த இளைப்பாறலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. டீ இந்த ஊருக்கு வந்த கதையிலிருந்து அதைத் தொடங்க வேண்டும்.

எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் விடியலில் நீராகாரம் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போனவர்கள். நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டிலேயே தேயிலைத் தோட்டங்கள் வந்துவிட்டாலும் விளைந்த நல்ல இலை கப்பலேறிவிடும். 1903இல் தேயிலை ஏற்றுமதிக்குத் தீர்வை போட்டு, அந்தப் பணத்தைக் கொண்டு தேயிலைக்கு விளம்பரம் செய்ய அரசு சட்டம் இயற்றியது. 1930களில் உலகச் சந்தை படுத்தது. 1933இல் தேயிலை விளைவிக்கும் நாடுகள் கூடி ஏற்றுமதிக்கு அளவு வைத்துக்கொண்டன. மிஞ்சியதை விளைந்த நாட்டிலேயே விற்றாக வேண்டும். விளம்பரக்காரர்கள் ஊர் ஊராக வந்து டீ போட்டுக் காட்டினார்கள். குடிக்கக் கொடுத்துப் பழக்கினார்கள். எப்படிப் போடுவது என்பதை அந்தந்த வட்டார மொழியில் எழுதி ரயில் நிலையங்களில் மாட்டினார்கள். எழுதிய பலகைக்கும் டீக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது என்பதில், பலகை எழுதிப் பிழைத்த எனக்கு ஒரு மகிழ்ச்சி.

காபி அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் அது வேறு வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் காப்பி நடுத்தர வர்க்கத்தின் மதிப்புக்குரிய பானமானதையும், டீ உழைப்பாளிகளின் பானமானதையும் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துக் காபி கிளப்புகளுக்குள் சாதிக்குத் தகுந்தபடி தனித்தனி இடம். பஞ்சமருக்கு இடமில்லை என்று பலகையே தொங்கியது. தொழுநோயாளிகளோடு சேர்த்து அவர்களையும் விலக்கி எழுதிய பலகைகளைச் சுயமரியாதை இயக்கத்தார் கடுமையாகக் கண்டித்தார்கள். 1957இல் திருவல்லிக்கேணியில் ஓட்டல் பெயரில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார். மாதக்கணக்கில் நாள்தோறும் தொண்டர்கள் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் போயிற்று. தமிழ்நாட்டில் உண்ணும் இடத்துப் பலகைகளின் வரலாறு யாரை வெளியே நிறுத்துவது என்பதில்தான் தொடங்குகிறது. டீக்கடைப் பலகை அந்தப் பரம்பரையில் வந்தாலும் அது ஆளை விலக்கவில்லை, பேச்சை விலக்கியது. இந்த வேறுபாட்டை நான் பெரிதாக நினைக்கிறேன்.

டீக்கடையை எங்கள் பக்கம் கொண்டுவந்தவர்களில் மலையாளத்துக்காரர்கள் நிறையப் பேர். நாயர் கடை என்று எந்த ஊரிலும் ஒன்று இருக்கும். தகரப் பந்தல், பித்தளை பாய்லர், இரண்டு பெஞ்சு போதும். அவர்கள் பாய்லருக்குள் ஒரு செப்புக் காசைப் போட்டுவைப்பார்கள். தண்ணீர் கொதிக்கையில் அது உள்ளே குதித்துக் கிணுகிணுக்கும். சத்தம் மாறினால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று மாஸ்டருக்குத் தெரியும். திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகள், சுருட்டு, புகையிலைக் கிடங்குகள், பூட்டுப் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் காலை ஷிப்டு உண்டு. தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்ற கையோடு வருகிறவருக்குக் காபி கிளப்பில் என்ன மரியாதை கிடைக்கும்? டீக்கடை பெஞ்சில் உட்காரலாம். டஸ்ட் தேயிலையைத் துணிப்பையில் கொட்டிக் கொதிநீர் ஊற்றி இறக்கிய டிக்காஷன், கைவீச்சில் ஆற்றி எழுப்பிய நுரை, கூடவே ஒரு பொறை. அரைமணி நேரத்துக்கு அவர் யாருக்கும் வேலைக்காரர் இல்லை.

அந்தப் பெஞ்சுதான் பள்ளிக்கூடமும் ஆனது. 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். அதே ஆண்டில் அண்ணாவின் 'திராவிட நாடு' இதழ் வந்தது. தந்தியின் தாள்களைத் தனித்தனியே பிரித்து நாலு பேர் ஒரே நேரத்தில் படிப்பார்கள். எழுத்துத் தெரியாதவருக்காக ஒருவர் உரக்கப் படிப்பார். 1949இல் தி.மு.க. பிறந்த பிறகு டீக்கடை, சலூன், சைக்கிள் கடை, அதையொட்டி ஒரு படிப்பகம் என்று தெருவுக்குத் தெரு வளர்ந்தது. 1965 இந்தி எதிர்ப்புச் செய்திகளும், 1967 தேர்தல் நேரத்து ரூபாய்க்கு மூன்று படி அரிசிப் பேச்சும் இந்தப் பெஞ்சுகளில்தான் ஊர்ச் சொத்தாயின. டீக்கடை இல்லாமல் 1967 ஆட்சி மாற்றம் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

உலகத்தில் இப்படிப்பட்ட கடைகளைக் கண்டு முதலில் பயந்தவர்கள் அரசர்கள். 1633இல் இஸ்தான்புல்லில் சுல்தான் நான்காம் முராது காபிக்கடைகளை மூடினான். 1675 டிசம்பரில் இங்கிலாந்து அரசன் இரண்டாம் சார்லஸ் லண்டன் காபிக்கடைகளை ஒழிக்க ஆணையிட்டு, எதிர்ப்பு வலுத்ததால் அது நடைமுறைக்கு வருமுன்பே பின்வாங்கினான். எங்கள் ஊரில் பேச்சை நிறுத்தச் சொன்னவர் பெஞ்சின் சொந்தக்காரர். அவரும் பேசி வளர்ந்தவர். என்ன ஆயிற்று அவருக்கு?

1972 ஆயிற்று. அந்த அக்டோபரில் எம்.ஜி.ஆர். பிரிந்து அ.தி.மு.க.வைத் தொடங்கினார். அதற்கு முன் காங்கிரஸ்காரர் ஒரு கடைக்கும் தி.மு.க.காரர் இன்னொரு கடைக்கும் போவது வழக்கம். இப்போது ஒரே கடையில், ஒரே குடும்பத்தில், ஒரே பெஞ்சில் பிளவு. நேற்றுவரை ஒன்றாகச் சுவரொட்டி ஒட்டியவர்கள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஏழு மாதத்தில் எங்கள் ஊருக்கே சோதனை வந்தது. திண்டுக்கல் மக்களவைத் தொகுதி உறுப்பினர் இறந்து, 1973 மே மாதம் இடைத்தேர்தல். அ.தி.மு.க.வுக்கு அது முதல் தேர்தல். வேட்பாளர் மாயத்தேவர். அவர் எடுத்துக்கொண்ட சின்னம் இரட்டை இலை.

அப்போது நான் தொழில் பழகிக்கொண்டிருந்த பையன். இரட்டை இலையைச் சுவரில் எப்படிப் போடுவது என்று யாருக்கும் கை பழகவில்லை. உதயசூரியன் சுலபம், அரைவட்டம், இரண்டு மலை, கதிர். இலைக்கு வளைவு சரியாக விழாவிட்டால் மாட்டுக்கொம்பாகிவிடும். என் குருநாதர் அட்டையில் வெட்டிய அச்சு ஒன்று வைத்திருந்தார். வெயிலுக்குப் பயந்து இரவில்தான் வேலை. சுண்ணாம்பு அடித்த சுவரில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், வஜ்ரப் பசை காய்ச்சிக் கலந்த கலர்ப்பொடியால் எழுதுவோம். காய்ச்சும்போது வஜ்ரம் நாறும். அந்த நாற்றம் மூக்கிலிருந்து போக நள்ளிரவில் ஒரு டீ வேண்டும்.

பழனி ரோட்டில் ஒரு கடை விடிய விடியத் திறந்திருந்தது. சூரியன் எழுதியவர்கள், இலை எழுதியவர்கள், காமராஜரின் பழைய காங்கிரசுக்கு எழுதியவர்கள் எல்லாரும் அங்கேதான் வந்தாக வேண்டும். கடைக்காரர் தி.மு.க.; அவருடைய கூடப்பிறந்த தம்பி இலைப் பக்கம் போய்விட்டார். தம்பி டீ குடிக்க வருவதையும் நிறுத்தியிருந்தார். ஒருநாள் கடைக்காரர் குருநாதரிடம், "அண்ணே, ஒரு போர்டு எழுதிக் குடுங்க. அவனும் உள்ள வரணும், நானும் சண்டை போடக்கூடாது" என்றார். குருநாதர் தகரத்தை என்னிடம் தள்ளிவிட்டார். நான் முதன்முதலாக எழுதிய எனாமல் பலகை அதுதான். பலகை மாட்டிய பிறகு தம்பி வந்தார். மருத்துவமனையில் இருந்த அவர்களுடைய அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

தேர்தலில் மாயத்தேவர் பெரிய வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பழைய காங்கிரஸ் இரண்டாவது, ஆளும் தி.மு.க. மூன்றாவது. கடைக்காரருக்கு அது எத்தனை பெரிய அடி என்று அவர் முகம் சொன்னது. மறுநாள் நாலரை மணிக்கு அவர் பாய்லரைப் பற்றவைத்தார். வென்றவர்களும் அங்கேதான் வந்து குடித்தார்கள். ஊரில் எத்தனையோ இடங்களில் கைகலப்பு நடந்த நாள் அது.

அரசியல் இல்லாமல் அந்தப் பெஞ்சில் என்னதான் பேசினார்கள் என்று என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். மாலையானால் இலங்கை வானொலி. மயில்வாகனன் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் பெரியவர்கள், எங்களுக்குக் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும். அடுத்த பாட்டு எதுவாக இருக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும். தந்தியின் முதல் பக்கத்தை மடித்துவிட்டு நேரே கன்னித்தீவுக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். சிந்துபாத் அன்றைக்கு எங்கே மாட்டிக்கொண்டான் என்பதில் எல்லாக் கட்சிக்கும் ஒரே கவலை. கடை வாசலில் சிறுமலைப் பழத்தார் தொங்கும். மேல்தோல் கறுத்துச் சுருங்கியிருக்கும், உள்ளே தேன். அது எந்தக் காட்டுப் பழம், எந்த மழைக்குக் காய்த்தது என்று வாயில் போட்டவுடன் சொல்லும் ஒரு கிழவர் இருந்தார். நாலு மணிக்கு மசால்வடைச் சட்டி ஏறும். கடலைப்பருப்பு எண்ணெயில் சிவக்கும் வாசனைக்குத் தோல் ஷாப்பிலிருந்து ஆள் வரும். மழை, மாடு, மகள் கல்யாணம், பூட்டுக்கு லீவர் வெட்டுகிற நுணுக்கம் எல்லாம் அந்த நேரத்தில் பேசுவார்கள். பத்து லீவர் பூட்டின் உள்ளடக்கத்தை ஒரு பட்டறைக்காரர் பெஞ்சில் தீக்குச்சிகளை அடுக்கி விளக்கியதை அரைமணி நேரம் எல்லாக் கட்சிக்காரர்களும் குனிந்து பார்த்தார்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. சுவரில் கோஷம் எழுதிய மனிதனுக்கும் நாக்கு இருக்கிறது, காது இருக்கிறது. அவன் எந்தக் கட்சி என்று தெரிந்த ஊருக்கு அவனுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்றும் தெரிந்திருந்தது. அதனால்தான் தேர்தல் முடிந்த பிறகு அவனோடு ஊர் வாழ முடிந்தது.

நெருக்கடி நிலை வந்தபோது இதே பலகையின் குணம் மாறியது. 1975 ஜூனில் அதை அறிவித்தார்கள். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியைக் கலைத்த பிறகுதான் தமிழ்நாட்டில் அதன் முழுப் பிடி இறுகியது. மிசா சட்டத்தில் கைதுகள், பத்திரிகைத் தணிக்கை. அதுவரை பலகை மாட்டாதவர்கள் ஒரே வாரத்தில் வந்து கேட்டார்கள். சிலர் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார்கள், தெருவிலிருந்தே தெரிய வேண்டுமாம். தெருவில் போகும் போலீஸுக்குக் காட்ட மாட்டிய பலகை அது. அந்தப் பலகைகளின் கீழ் பேச்சு குறைந்தது, பாட்டும் குறைந்தது, பெஞ்சில் புது முகம் உட்கார்ந்தால் பழைய முகங்கள் எழுந்து போயின. தானே விரும்பி ஓய்வெடுப்பதும் வாயை மூடிக்கொள்ளச் சொல்வதும் ஒரே வாசகத்துக்குள் அடங்கிவிடும் என்பதை அந்தக் காலம் எனக்குக் காட்டியது. 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை விலகியதும் சிலர் பலகையைக் கழற்றி வீசினார்கள். அவர்கள் செய்தது சரி.

அதைவிடக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கிராமத்துக் கடைகளுக்கு எழுதப் போகும்போது பார்த்தது. உள்ளே பெஞ்சு, கண்ணாடிக் கிளாஸ், வானொலி, நீலப் பலகை. வெளியே கூரை விளிம்பில் செருகிய சிரட்டை, அல்லது ஆணியில் மாட்டிய அலுமினியக் குவளை. சேரியிலிருந்து வருகிறவர் அதை எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். மேலேயிருந்து டீ விழும். தரையில் குந்திக் குடித்துவிட்டு மறுபடி கழுவிச் செருக வேண்டும். 1955இலேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்துவிட்டது. உணவுக்கடைக்குள் நுழைவதை மட்டுமன்றி, அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும் குற்றம் என்று அது தெளிவாகவே சொன்னது. குவளை அப்படியே தொங்கியது. அந்தக் கடையில் 'அரசியல் பேசாதீர்' என்று எழுதினால் யாரைப் பேச வேண்டாம் என்கிறோம்? உள்ளே இருப்பவர்களுக்கு அது ஓய்வு. வெளியே குந்தியிருப்பவருக்கு, ஏன் எனக்கு வேறு குவளை என்று கேட்காதே என்ற கட்டளை. அவர் கேட்பது அந்தக் கடையில் கேட்டாக வேண்டிய முதல் அரசியல் கேள்வி. இரட்டைக் குவளை வைத்த கடைக்கு அந்தப் பலகையை மாட்டும் தகுதி கிடையாது. பழனி ரோட்டுக் கடையில் சூரியனும் இலையும் ஒரே பெஞ்சில் உட்கார முடிந்தது என்றால், அந்தப் பெஞ்சில் தோல் ஷாப் தொழிலாளியும் உட்காரலாம் என்பதை முன்பே பலர் போராடி வாங்கித் தந்திருந்தார்கள். ஓய்வுக்கு முன்னால் உரிமை வந்தது.

1990களில் விடுதலைச் சிறுத்தைகளின் நீலமும் சிவப்பும் கலந்த கொடி எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஏறியது. அதோடு நீலத்துக்கும் கட்சி வந்துவிட்டது. ஒரு கடைக்காரர் பழைய பலகையை வேறு நிறத்தில் எழுதித் தரச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன்; அந்தக் கொடி எழும்ப வேண்டிய காரணம் அவர் கடை வாசலிலேயே இருந்தது. பின்னால் சில ஊர்களில் குவளை மறைந்து காகிதக் கப் வந்தது. ஊராருக்குக் கண்ணாடிக் கிளாஸ், சேரிக்காரருக்கு மட்டும் காகிதக் கப் என்றால் அதுவும் இரட்டைக் குவளைதான்.

கைத்தொழிலாகப் பலகை எழுதுவது 2000க்குப் பிறகு வேகமாகப் படுத்தது. பிளெக்ஸ் வந்தது, சுவர் எழுத்துக்குத் தேர்தல் ஆணையத்தின் கெடுபிடி கூடியது. இன்றைய டீக்கடையில் பெஞ்சை எடுத்துவிட்டு நின்று குடிக்க உயரமான மேசை போட்டிருக்கிறார்கள். குடிக்கிறவர் கையில் கைபேசி. அதில் காலைமுதல் அரசியல் ஓடுகிறது. பக்கத்தில் நிற்பவரோடு அவர் சண்டையும் போடுவதில்லை, பாட்டுக்குப் பந்தயமும் கட்டுவதில்லை. 1973இல் அரசியல் எங்களைச் சூழ்ந்திருந்ததைவிட இன்று நெருக்கமாகச் சூழ்ந்திருக்கிறது. அதிலிருந்து கால்மணி நேரம் இறங்கி நிற்க இன்று இடம் குறைவு. பெஞ்சைத் திரும்பப் போடுங்கள் என்று டீக்கடைக்காரர்களை நான் கேட்டுக்கொள்கிறேன். எல்லாருக்கும் ஒரே கிளாஸ் என்பது உறுதியான கடையில் அந்த நீலப் பலகையையும் மாட்டலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு வேண்டுகோள் படிக்கிற உங்களுக்கு. உங்கள் ஊர் டீக்கடையிலோ சலூனிலோ இந்தப் பழைய தகரப் பலகை இருந்தால் படம் எடுத்து வையுங்கள். எந்தக் கடை, எந்த ஆண்டு மாட்டியது, எந்தத் தேர்தலுக்குப் பிறகு என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதிவையுங்கள். கூடவே 'கடன் இல்லை' என்ற பலகை இருந்தால் அதில் 'லை' பழைய தும்பிக்கை எழுத்தா என்று பாருங்கள். அப்படியென்றால் அது பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தியது. வலது கீழ் மூலையில் பொடி எழுத்தில் எழுதியவரின் பெயரோடு 'ஆர்ட்ஸ்' என்று இருக்கும். அந்தப் பெயரையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.